சாவிக்கு அடங்காத லாரி

கொச்சியில், மட்டாஞ்சேரி கொச்சங்காடியில் எங்கள் சந்து முனையில் தண்ணீர் லாரி நின்றுபோய்விட்டது. லாரி அங்கே நிற்பது வழக்கம்தான். நின்றது அதன் இன்ஜின். சந்தின் பொது மேல்நிலை டாங்க் வரை தூக்கிக் கட்டியிருந்த ஹோஸ் பைப் விறைப்பு போய்த் தொங்கியது. மேலே தண்ணீர் விழுந்துகொண்டிருந்த சத்தமும் நின்றது.

லாரி புதியது. வெள்ளைப் பெயின்ட் இன்னும் மங்கவில்லை. டிரைவர் சீட்டுக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரியும், அதோடு இன்ஜின் தானாக அணைந்துவிடும். அந்தக் கோடையில் இப்படி எத்தனையோ முறை ஆகிவிட்டது.

வரிசையில் இருந்த பெண்கள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார்கள். எதிரே சாயாக்கடை குஞ்ஞுமோன், கிளாஸைக் கழுவிக்கொண்டே தன் வழக்கமான பாட்டைத் தொடங்கினார்.

"பழைய வண்டி ஒரு திவசம் நின்னிட்டுண்டோ? ஒரு திவசம்?"

ஒருநாளாவது நின்றதுண்டா என்று கேட்கிறார். கடையில் இருந்த எல்லோரும் இல்லை என்று தலையாட்டினார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் குஞ்ஞுமோனின் கிளாஸ் ஒன்று உடைந்திருக்கும்.

லாரியின் டிரைவர் இசக்கி, என் தம்பி. அவன் கதவைத் திறந்து இறங்கினான், யாரையும் பார்க்காமல் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு லாரிக்கு அடியில் நுழைந்தான். வெளியே அவன் கால் இரண்டும் நீட்டிக்கொண்டிருந்தன. என்னால் அதைப் பார்க்க முடியாது. அது ஏன் என்று சொல்லத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

தண்ணீருக்கு நடுவில் தாகம்

மட்டாஞ்சேரியைப் படத்தில் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்காது. மூன்று பக்கம் தண்ணீர். மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளும் தண்ணீர். குடிக்கத்தான் இருக்காது. கிணறு தோண்டினால் உப்பு. முனிசிபல் குழாயில் மாசி பிறந்தாலே காற்றுதான் வரும்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்ததைப் போன வாரம் எழுதினேன். மழையே பார்க்காத ஊரிலிருந்து ஓயாமல் மழை பெய்கிற ஊருக்கு வந்தும் குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பதுதான் என் விதி என்று அப்போது சிரித்துக்கொள்வேன். என் வீட்டுக்காரர் வேலுவும் சேர்ந்து சிரிப்பார்.

அவர் குடும்பம் எப்போதோ தமிழ்நாட்டிலிருந்து முனிசிபல் துப்புரவு வேலைக்கு வந்தது. அவர் மட்டும் அந்த வேலைக்குப் போகவில்லை. மிளகுக் கிடங்குகளில் மூட்டை சுமந்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சட்டையிலும் தலைமுடியிலும் மிளகு வாசனை வரும். பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்குத் தும்மல் வரும். "எந்தா, என்னைப் பார்த்தாலே தும்மலா?" என்று கேலி செய்வார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் தம்பி இசக்கியும் ஊரிலிருந்து வந்து சேர்ந்தான். அவனுக்குத் தண்ணீர் லாரி ஓட்டும் வேலையை வாங்கிக் கொடுத்தவர் வேலுதான். இங்கே மச்சினனை அளியன் என்பார்கள். வேலு என் தம்பியை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அளியா, அளியா என்றுதான் கூப்பிடுவார். இவனுக்கு அவர் அத்தான்.

அம்மாவன்

இசக்கி ஓட்டிய அந்தப் பழைய லாரிக்கு எங்கள் சந்தில் அம்மாவன் என்று பெயர். மலையாளத்தில் தாய்மாமன். வயதானவர், இருமுவார், புகை விடுவார், ஆனால் சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவார் என்று பொருள்.

அதன் பெருமையை இல்லை என்று சொல்ல நான் யார். அந்த இன்ஜினில் கம்ப்யூட்டர் கிடையாது, வயர் கிடையாது. டீசலும் காற்றும் இருந்தால் போதும். பேட்டரியைக் கழற்றித் தூர வைத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். டீசலில் தூசி இருந்தால் இசக்கி பழைய வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றுவான். முழங்கால் வெள்ளத்தில் மற்ற வண்டிகள் எல்லாம் முக்கிக்கொண்டு நிற்கும்போது அம்மாவன் மட்டும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வரும்.

அதிலும் இசக்கி அதிசயமாகச் சொல்வது ஒன்று உண்டு. "பாரம் கூடினா அதுவே தெரிஞ்சுக்கிட்டு டீசலக் கூடக் குடிக்கும்க்கா. நாம ஒண்ணும் செய்யாண்டாம். எது தடுத்தாலும் நிக்காது."

வைப்பின் தீவு மீனவர்கள் பழைய லாரிகளின் இன்ஜினைக் கழற்றிப் போட்டுகளில் வைத்துக் கடலுக்குப் போவார்கள். நடுக்கடலில் இன்ஜின் நின்றால் ஆள் திரும்பி வர முடியாது. அவர்கள் நிற்காத இன்ஜினைக் கும்பிடுவது நியாயம். எங்கள் சந்து கடல் இல்லை.

அம்மாவனுக்கு ஒரு குறை இருந்தது. அதை ஸ்டார்ட் செய்கிற மோட்டார் எப்போதோ பழுதாகி ரிப்பேருக்குப் போனது, திரும்பி வரவில்லை. லாரியின் சொந்தக்காரர், 'வண்டிதான் ஓடுதே' என்று விட்டுவிட்டார். காலையில் ஷெட்டிலிருந்து நாலைந்து பேர் தள்ளி ஓடவிட்டால், இரவு ஷெட்டுக்குத் திரும்பும்வரை இன்ஜினை அணைக்கக் கூடாது. சாப்பிடப் போனாலும் ஓடும், தண்ணீர் நிரப்பும்போதும் ஓடும். லாரி டாங்க் நிறையத் தண்ணீரோடு இன்ஜின் நின்றால் யார் தள்ளுவது? எங்கள் சந்துக் குழந்தைகளுக்கே அந்தச் சட்டம் தெரியும். அம்மாவனை அணைக்கக் கூடாது.

அணைக்க யாரும் நினைக்காததால், அணைக்கிற கம்பி அறுந்ததையும் யாரும் பொருட்படுத்தவில்லை. இந்த மாதிரி இன்ஜினுக்குச் சாவி ஒரு பொருட்டே இல்லை. டீசலை நிறுத்தத் தனியாக ஒரு கம்பி உண்டு, அதை இழுக்க வேண்டும். அது அறுந்தபின், ராத்திரி ஷெட்டில் இசக்கி பானட்டைத் தூக்கி, உள்ளே கையை விட்டு, டீசல் பம்பில் இருக்கும் சின்ன நெம்புகோலைத் தள்ளி நிறுத்துவான்.

தண்ணீரை மேலேற்றும் பம்பும் ஒட்டுவேலைதான். இன்ஜினின் முன்பக்கச் சக்கரத்திலிருந்து நேராக ஒரு பெல்ட், லாரிக்கு அடியில் இருக்கும் பம்புக்கு. நடுவில் கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது, மூடியும் கிடையாது. இன்ஜின் ஓடினால் அது சுற்றும்.

ஹர்த்தால் காலை

அன்று ஹர்த்தால். எதற்கென்று நினைவில்லை, அப்போதெல்லாம் எதற்காவது இருக்கும். பஜார் முழுக்க ஷட்டர் இறங்கியிருந்தது. பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. தண்ணீர் லாரியை மட்டும் விட்டுவிடுவார்கள். கிடங்கும் மூடியிருந்ததால் வேலு வீட்டில் இருந்தார். லுங்கியைக் கட்டிக்கொண்டு, கழுத்தில் தோர்த்தைச் சுற்றிக்கொண்டு, மச்சினனுக்கு ஒத்தாசையாக லாரிக்கு வந்தார். தோர்த்து என்றால் இங்கத்து மெல்லிய துண்டு.

பம்பில் தண்ணீர் கசிந்தது. ஓடும்போதுதான் கசிவு தெரியும் என்பதால், ஓடவிட்டேதான் அந்த நட்டை முறுக்குவார்கள். இசக்கி எப்போதும் செய்கிற வேலை அது. அன்றைக்கு வேலு ஸ்பானரை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நீ போய் சாயா குடிச்சிட்டு வா அளியா. இது நான் முறுக்கிக்கறேன்."

ஹர்த்தால் என்றாலும் குஞ்ஞுமோன் பின்வாசலில் சாயா கொடுப்பார். இசக்கி போனான்.

நான் சந்து டாங்கின் குழாய்க்குக் கீழே குடத்தை வைத்துக்கொண்டு நின்றேன். இன்ஜின் சத்தம் ஒரு கணம் கம்மியது. கனத்த மூட்டையைத் தோளில் ஏற்றும்போது ஒருவர் மூச்சுப் பிடிப்பாரே, அப்படி. உடனே புகையைக் கூடக் கக்கிவிட்டு, பழையபடி சீராக ஓட ஆரம்பித்தது. நான் திரும்பிப் பார்த்தபோது அவர் கால் இரண்டும் தரையை உதைத்துக்கொண்டிருந்தன.

தோர்த்து பெல்ட்டில் சிக்கி, அதோடு கையும் தோளும் உள்ளே போய்விட்டன. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். வண்டியை நிறுத்த வேண்டும். படியில் ஏறி டிரைவர் சீட்டுக்குள் விழுந்து சாவியைத் திருகினேன். நிற்கவில்லை. சாவியைப் பிடுங்கினேன். கையில் சாவி இருக்கிறது, இன்ஜின் ஓடுகிறது. மறுபடி போட்டுத் திருகினேன், மறுபடி பிடுங்கினேன். அந்தச் சாவி விளக்குக்கும் ஹாரனுக்கும்தான் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. சீட்டுக்கு அடியிலேயே இன்ஜின் அதிர்ந்துகொண்டிருந்தது.

யாரோ பெண்கள் என்னை இழுத்துக் கீழே இறக்கி, பக்கத்தில் இருந்த மிளகுக் கிடங்கின் சுவருக்கு அப்பால் கொண்டுபோனார்கள். இசக்கி ஓடி வருவதைப் பார்த்தேன். அவன் பானட்டைத் தூக்கினான். அதற்குப் பிறகு நான் எதையும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இன்ஜின் நின்றது. அம்மாவன் நிற்கும்போது சத்தமில்லாமல் எங்கள் சந்து எப்படி இருக்கும் என்று நான் அறிந்தது அன்றுதான்.

ஒரே தள்ளில்

பெல்ட்டை அறுத்து அவரை வெளியே எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது? ஆட்டோ இல்லை, டாக்சி இல்லை. யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யப் போனார்கள். போன் இருக்கிற கடை மூடியிருந்தது. இருந்த ஒரே வண்டி லாரிதான். அதன் இன்ஜினையும் நிறுத்தியாயிற்று.

தண்ணீர்ப் பாரத்தோடு தள்ள முடியாது. அடிவால்வைத் திறந்துவிட்டார்கள். அரைவாசிக்கு மேல் மிச்சமிருந்த குடிதண்ணீர் முழுவதும் சந்தில் பாய்ந்து, குடங்களைச் சாய்த்து உருட்டிக்கொண்டு ஓடையில் போய் விழுந்தது. காலையிலிருந்து காத்திருந்த பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். ஒருத்திகூட ஒரு குடம் பிடிக்கவில்லை. அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன்.

பாரம் குறைந்ததும் ஆண்கள் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். லாரி உருண்ட உடனே இன்ஜின் பிடித்துக்கொண்டது. அந்த நிலைமையிலும் யாரோ ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது: "ஒரே தள்ளில் பிடிச்சு, கண்டோ." அவரை நான் இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை. அதனால் இன்னும் அதிகமாகத் திட்டுகிறேன்.

ஆஸ்பத்திரி வாசலிலும் இசக்கி இன்ஜினை அணைக்கவில்லை. அணைத்தால் திரும்ப யார் தள்ளுவார்கள்? டாக்டர் உள்ளே வேலுவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வெளியே அம்மாவன் புகை விட்டுக்கொண்டு நின்றது. வாட்ச்மேன் வந்து சத்தம் போட்டார். டாக்டர் எதையோ சொன்னார். இன்ஜின் இரைச்சலில் எனக்கு விளங்காமல் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருந்தது. வழியிலேயே உயிர் போய்விட்டது என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார்.

எனக்குக் கொடுத்த ஒரு வார்த்தை

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். "அவருக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. இழுத்த உடனே போதம் போயிருக்கும்." இசக்கியும் அதைத்தான் சொன்னான். அவன்தான் லாரிக்கு அடியில் முதலில் நுழைந்தவன். அவன் சொன்னதால் நம்பினேன்.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் பிழைத்துக்கிடந்தேன். அப்போது கைக்குழந்தையாக இருந்த என் பெண் செல்வி வளர்ந்து, அப்பா எப்படிச் செத்தார் என்று கேட்டபோது அவளுக்கும் அதையே கொடுத்தேன். அப்பாவுக்கு வலிக்கவே இல்லை கண்ணு, ஒன்றுமே தெரியவில்லை.

அடுத்த வாரமே புது பெல்ட் மாட்டிக்கொண்டு அம்மாவன் எங்கள் சந்துக்கு வந்தது. நானும் குடத்தோடு போய் நின்றேன். வெறுப்பு வேறு, தாகம் வேறு. பிறகு எனக்கு முனிசிபாலிட்டியில் துப்புரவு வேலை கிடைத்தது. பள்ளுருத்தி வரைக்கும் தெருக் கூட்டியிருக்கிறேன். எந்தத் தெரு முனையில் பழைய லாரி நின்று இரைந்தாலும் அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு போய்விடுவேன்.

பல வருஷம் கழித்து அம்மாவனை உடைக்கப் போட்டார்கள். இன்ஜினை மட்டும் வைப்பின்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனாராம். இன்னும் ஓடுகிறது என்கிறார் குஞ்ஞுமோன். ஓடட்டும்.

அதற்குப் பிறகு வந்ததுதான் புது லாரி. இசக்கி அதை முதன்முதலாக எங்கள் சந்துக்குக் கொண்டுவந்தபோது என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினான். பம்பைச் சுற்றி இரும்பு மூடி. மூடியின் ஓரத்தில் சுண்டுவிரல் அளவு ஒரு கறுப்புப் பொருள், அதிலிருந்து ஒரு வயர்.

"இத சென்சார்ம்பாங்க. மூடியத் தொறந்தாலே இன்ஜின் நின்னுரும்க்கா. அத்தானுக்கு மட்டும் இது இருந்திருந்தா..."

நான் அந்த மூடியைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு லாரியை எனக்குப் பிடித்துப்போனது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

ஆனால் மட்டாஞ்சேரி ரோட்டுக்கு அந்த லாரி லாயக்கில்லை. பள்ளத்தில் ஏறி இறங்கி மூடி தளர்ந்துவிடும், நிற்கும்போதும் ஆடும். ஆடினாலே, திறந்துவிட்டார்கள் என்று நினைத்து இன்ஜின் அணைந்துவிடும். எறணாகுளத்திலிருந்து ஒரு பையன் லேப்டாப்போடு வந்து பார்க்கும்வரை எங்கள் வரிசை வெயிலில் நிற்கும். பெண்கள் திட்டுவதிலும் தப்பில்லை. கைக்குழந்தையோடு நிற்கிறவளிடம் போய் சென்சாரின் அருமையைச் சொல்ல முடியுமா? ஆனால் குஞ்ஞுமோன் பழைய வண்டியைப் புகழும்போது மட்டும் எனக்குப் பொறுக்காது.

வயர்

முதலில் சொன்ன அந்தக் காலைக்கு வருகிறேன். லாரிக்கு அடியில் போன இசக்கி வெளியே வந்தான், ஸ்டார்ட் செய்தான். ஹோஸ் பைப் விறைத்துக்கொண்டது. வரிசை கலகலவென்று பேசத் தொடங்கியது. அவன் மறுபடி இறங்கி அடியில் நுழைந்தான்.

எனக்கு ஏதோ உறுத்தியது. குடத்தை வைத்துவிட்டுப் போய்க் குனிந்து பார்த்தேன். மூடி கழற்றித் தரையில் கிடந்தது. பெல்ட் மறைப்பில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு சாண் தள்ளி, கசிவைப் பார்க்கிற என் தம்பியின் முகம். மூடி திறந்தும் இன்ஜின் நிற்கவில்லை. சென்சாரின் வயரை அறுத்து, இரண்டு முனைகளையும் முறுக்கிக் கட்டிவிட்டிருந்தான்.

அவன் காலைப் பிடித்து இழுத்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. வெளியே வந்து, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்த லாரியின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"எருமமாடே, உனக்குமாடா புத்தி கெட்டுப்போச்சு? உனக்குமா?"

"ரோட்டுல குண்டும் குழியுமா கெடக்குக்கா. மூடி ஆடுது. ஆளுக ஏசுதாங்க."

"ஆளுக ஏசினா நீ கேக்கிறவனா? பொய் சொல்லாத."

அவன் கையிலிருந்த கிரீஸைச் சாக்கில் துடைத்தான். துடைத்தபிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான். இன்ஜின் இரைச்சலில் அவன் பேசுவதைக் கேட்க நான் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது.

"அன்னைக்கு நான் பானட்டத் தூக்கி நிறுத்தினேம்லா. நிறுத்திட்டு அடியில போனேன். இன்ஜின் நின்ன பெறவும் அத்தான் சொல்லிக்கிட்டே இருந்தாருக்கா. நிறுத்து அளியா, நிறுத்து அளியான்னு. நின்னுட்டு அத்தான், நின்னுட்டுன்னு நானும் சொல்லுதேன். அவருக்கு அது தெரியவே இல்ல. பெல்ட்ட அறுத்து வெளிய எடுக்கது வரைக்கும் சொல்லிக்கிட்டே கெடந்தாரு."

நான் அவன் கையிலிருந்த சாக்கை வாங்கிக் கீழே வைத்தேன்.

"இந்த வண்டி ஓடுத வரைக்கும் எனக்கு ஒண்ணும் இல்ல. தானா நின்னுதுன்னு வையி, எனக்கு அதுதான் கேக்கு. ஒவ்வொரு தடவயும் கேக்கு. அதான் அறுத்துப் போட்டேன்."

செல்வி ஞாபகம் வந்தது. அவளுக்கு மலையாளம்தான் ஓடும். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். இந்த வாரம் அவள் இதைப் படிக்க வேண்டாம் என்று மனதார விரும்புகிறேன். ஆனால் எழுதாமலும் இருக்க முடியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிந்திருக்கிறது. சீட்டில் உட்கார்ந்து நான் சாவியைத் திருகிக்கொண்டிருந்த நேரமெல்லாம், எனக்கு நேர் கீழே அவர் 'நிறுத்து' என்று அதையேதான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

வரிசையில் யாரோ குடத்தைத் தட்டி என்னைக் கூப்பிட்டார்கள். என் முறை வந்துவிட்டதாம். நான் எழுந்திருக்கவில்லை.

இத்தனை வருஷம் இவன் அதைத் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். எனக்கு ஒரு நல்ல வார்த்தையைக் கொடுத்துவிட்டு, கெட்டதைத் தான் வைத்துக்கொண்டிருக்கிறான். திட்ட வாயெடுத்தவள் அவன் முதுகில் கையை வைத்தேன். சட்டை நனைந்திருந்தது.

"அந்த வயர மாட்டுடா இசக்கி."

"மாட்டுனா நின்னுரும்க்கா."

"நிக்கட்டும். நானும் உன் பக்கத்துல இருந்து கேக்கேன்."